கடற்படைத் தளத்துக்குள்ள போன பிரதமரும் அஞ்சு இங்கிலிஷ் வினைச்சொல்லும்

2022 மே 10ஆம் திகதி காலமை திருகோணமலையில எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே கதைதான், மகிந்த ராஜபக்ச நேவி பேஸுக்குள்ள வந்திட்டாராம். முதல் நாள்தான் பிரதமர் பதவிய இராஜினாமா செய்தவர், இரவு முழுக்க பிரதமரிண்ட வாசஸ்தலமான அலரி மாளிகையைச் சுத்தி சனம் நிண்டது, விடியமுதல் ஆமி அவரை வெளியில எடுத்து இஞ்ச கொண்டு வந்து விட்டிட்டுது. கொஞ்ச நேரத்தில தளத்து வாசல் பக்கம் ஆக்கள் கூடி கோசம் போடத் தொடங்கிட்டாங்க. கொழும்பில நடக்கிறதை போனில பாத்துக்கொண்டு இருந்த எங்களுக்கு அண்டைக்குத்தான் அந்தக் கதை எங்கட ஊருக்குள்ளயே வந்து நிண்டது.

நான் உப்புவெளியில வீட்டிலதான் பின்னேரத்தில பிள்ளையளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் குடுக்கிறனான். கேர்ஃபியூ எடுத்த பிறகு வந்த முதல் வகுப்பில ஓ எல் சோதினை எடுக்கிற ஒரு பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டுது. அவள் அந்த ஒரு செய்தியை அஞ்சு இடத்தில வாசிச்சிருக்கிறாள், அஞ்சிலயும் அஞ்சு வினைச்சொல். ஒண்டில ஃபிளெட், ஒண்டில எவக்யுவேட்டட், ஒண்டில விஸ்க்ட் அவே, ஒண்டில டுக் ரெஃபியூஜ், மற்றதில ஹோல்ட் அப். "ரீச்சர், ஒரு ஆள், ஒரு இரவு, ஒரு இடம். இதில எது சரி?" எண்டு கேட்டாள். நான் அண்டைக்கு எடுக்க இருந்த இலக்கணப் பாடத்தை அப்பிடியே மூடி வச்சிட்டன், ஏனெண்டா சொல் படிக்கிறது எண்டா என்ன எண்டதுக்கு இதைவிட நல்ல கேள்வி ஒரு பிள்ளை கேக்கேலாது.

ஃபிளீ எண்டா ஓடுறது, ஆனா பயத்தில ஓடுறது, இல்லாட்டி பிடிபடக்கூடாது எண்டு ஓடுறது. அந்தச் சொல்லைப் போட்ட உடனயே வாசிக்கிற ஆள் மனசுக்குள்ள தப்பியோட்டம் எண்ட எண்ணம் வந்திரும். எவக்யுவேட் எண்டது வெள்ளம் வந்தா, தீப்பிடிச்சா, சுனாமி எச்சரிக்கை வந்தா சனத்தை அப்புறப்படுத்துறதுக்குப் பாவிக்கிற சொல், அதில அந்த ஆளிண்ட பக்கம் குற்றமே இல்லை, அவர் பாதிக்கப்பட்ட ஆள் மாதிரித் தெரிவார். விஸ்க் அவே எண்டா காவலுக்கு நிக்கிறவங்க ஆளை அள்ளிக்கொண்டு போறது, கெதியா, ஒருத்தருக்கும் தெரியாம. ஹோல் அப் எண்டதுக்குள்ள ஹோல் இருக்கு, பொந்து. வெளிய வரேலாம உள்ளுக்குள்ள பதுங்கி இருக்கிறது. டேக் ரெஃபியூஜ் எண்டா தஞ்சம் புகுறது, ரெஃபியூஜி எண்ட சொல்லும் அதே குடும்பம்தான், அந்தச் சொல் எங்கட ஆக்களுக்கு புதுசா விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூதூர்ல இருந்து 2006இல வெளிக்கிட்டு ஓடின குடும்பத்துப் பிள்ளை ஒண்டும் அண்டைக்கு வகுப்பில இருந்தது, அது ஒண்டும் கதைக்கேல்லை, அந்தச் சொல்லை மட்டும் கொப்பியில ரெண்டு தரம் எழுதினதை நான் கண்டன். அடுத்த நாள் பாதுகாப்புச் செயலாளர் பாதுகாப்புக்காகத்தான் அவரை திருகோணமலைக்குக் கொண்டு போனது, நிலைமை சரியானா வேற இடத்துக்கு மாத்துவம் எண்டு சொன்னார். அரசாங்கத்திண்ட கணக்கில அது வெறும் இடமாற்றம், மூவ்ட்.

அகராதியப் பாத்தா இந்தச் சொல்லுகள் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட போறது எண்ட ஒரே கருத்துத்தான் வரும். ஆனா எந்தச் சொல்லைப் போடுறாங்க எண்டதிலதான் எழுதினவர் எந்தப் பக்கம் நிண்டு பாக்கிறார் எண்டது கிடக்கு. அதனாலதான் நான் சொல்லுறன், ஒரு இங்கிலிஷ் சொல்லைப் படிக்கேக்க கருத்தை மட்டும் படிச்சா அரைவாசிதான் படிச்சது, அதை ஆர் ஆருக்குச் சொல்லுறாங்க எண்டதையும் சேர்த்துப் படிக்க வேணும், அதைப் படிக்க ஆட்சி ஆட்டம் காணுற நேரத்துச் செய்தியைவிட நல்ல இடம் இல்லை.

ஏன் அந்த நேரத்துச் செய்தி எண்டா, கதை உங்களுக்கு முதலே தெரியும். சாதாரணமா ஒரு இங்கிலிஷ் கட்டுரையை எடுத்தா விசயமும் புதுசு, சொல்லும் புதுசு, ரெண்டோடயும் சண்டை பிடிக்க வேணும். 2022இல அப்பிடி இல்லை. 13 மணித்தியாலம் கரண்ட் போனது எங்கட வீட்டில, கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில நிண்டது நாங்கள், மண்ணெண்ணெய் இல்லாம போட் இறக்காம இருந்தது எங்கட கடற்கரை. தமிழ்ல எல்லாம் தெரிஞ்ச கதை, அதை இங்கிலிஷ்ல வாசிக்கேக்க தெரியாத சொல் வந்தாலும் அது என்னவா இருக்கும் எண்டு நீங்களே பிடிச்சிருவீங்க. மற்றது, அதே சொல்லுகள்தான் நாளுக்கு நாள் வரும். மார்ச் கடைசியில மிரிஹானயில ஜனாதிபதியிண்ட வீட்டடியில தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரைக்கும் ரிசைன், கேர்ஃபியூ, எமெர்ஜென்சி, ஷோட்டேஜ், புரொட்டெஸ்ட் எண்டு திரும்பத் திரும்ப வந்தது, பாடமாக்காமலே பாடமாச்சு. பெற்றோல் செட் வரிசையில ராத்திரி மோட்டர்சைக்கிளுக்கு மேலயே இருந்து போனில செய்தி வாசிச்சு இங்கிலிஷ் திருத்தின பெடியனுகள் எனக்குத் தெரிய இருக்கிறாங்க.

கேர்ஃபியூவையே எடுங்க. நாங்கள் தமிழ்ல கதைக்கேக்க கேர்ஃபியூ போட்டாச்சு, கேர்ஃபியூ எடுத்தாச்சு எண்டுதான் சொல்லுறம், அப்பிடியே இங்கிலிஷ்ல புட் கேர்ஃபியூ, டேக் கேர்ஃபியூ எண்டு எழுதினா பிழை. அங்க அது இம்போஸ் பண்ணப்படும், எக்ஸ்டென்ட் பண்ணப்படும், லிஃப்ட் பண்ணப்படும், சனம் அதை டிஃபை பண்ணும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி கேர்ஃபியூ நேரத்தில சோசல் மீடியாவையும் பூட்டி வச்ச நாள் ஞாபகம் இருக்கும், அண்டைக்கும் சனம் தெருவுக்கு வந்தது, அதுதான் டிஃபை, சும்மா மீறுறது இல்லை, மூஞ்சிக்கு நேர நிண்டு மீறுறது. இந்தச் சோடிச் சொல்லுகளைத்தான் எங்கட பிள்ளையள் விடுறதுகள். பெயர்ச்சொல் தெரியும், அதுக்குப் பக்கத்தில எந்த வினைச்சொல் வந்து நிக்கும் எண்டு தெரியாது. கேர்ஃபியூவிண்ட பிறப்பையும் சொன்னா இன்னும் மறக்காதுகள், அது பழைய பிரெஞ்சுச் சொல், நெருப்பை மூடு எண்டு கருத்து, இரவில மணி அடிச்சா எல்லாரும் அடுப்பை அணைச்சு மூடிப்போட்டு உள்ள இருக்க வேணும் எண்ட வழக்கத்தில இருந்து வந்தது. எங்கட தமிழ் ஊரடங்கு எண்டு ஊரையே அடக்கிப் போட்டுது, எனக்கு தமிழ்ச் சொல்தான் பிடிக்கும்.

தெரிஞ்ச சொல் தெரியாத கருத்தில வாறது இன்னொரு தொல்லை, ஆனா அதிலதான் கனக்கப் படிக்கலாம். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிப்பாட்டுறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சுது, மே மாதம் சலுகைக் காலமும் முடிஞ்ச உடன எல்லா இடத்திலயும் டிஃபோல்ட் எண்டு வந்தது. பெடியனுகளுக்கு டிஃபோல்ட் எண்டா போன் செட்டிங்ஸ்ல வாறது, நாங்கள் ஒண்டும் மாத்தாட்டி அது தானா இருக்கிறது. கடன்லயும் அதே வேர்தான், செய்ய வேண்டியதைச் செய்யாம விடுறது, நீ ஒண்டும் செய்யாட்டி போனுக்கு ஒரு நிலை வருது, நீ காசு கட்டாட்டி நாட்டுக்கு ஒரு நிலை வருது. அப்பிடிச் சொன்ன உடன ரெண்டும் ஒண்டாப் பிடிபட்டுது.

சீனக்குடா எண்ணெய்க் குதங்களிண்ட செய்தியும் அப்பிடித்தான். 2022 ஜனவரியில இந்தியாவோட ஒப்பந்தம் எழுதேக்க இங்கிலிஷ் பேப்பர்ல டேங்க் ஃபாம் எண்டு வந்தது, ஃபாம் எண்டா பண்ணைதானே, சீனக்குடாவில என்ன பண்ணை எண்டு ஒரு பெடியன் கேட்டான். ஒரே மாதிரிச் சாமானை வரிசை வரிசையா வச்சிருக்கிற இடத்துக்கும் ஃபாம் எண்டுதான் சொல்லுவாங்க, காத்தாடி நட்டு கரண்ட் எடுக்கிற இடம் விண்ட் ஃபாம். டேங்க் எண்ட சொல் இன்னும் கலகலப்பு. உலகத்தில கன இடங்களில டேங்க் எண்டா தாங்கி, இல்லாட்டி ஆமியிண்ட கவச வண்டி, ஆனா இலங்கை இங்கிலிஷ்ல கந்தளாய் டேங்க் எண்டா கந்தளாய்க் குளம். ஒரு சொல்லுக்குள்ள எங்கட மாவட்டத்திண்ட குளம், குதம், போர் மூண்டும் கிடக்கு.

பதவிக்கு முன்னால வாற சொல்லுகளில எல்லாரும் குழம்புறவை. ஜூலை 13 ஜனாதிபதி கோட்டாபய மாலைதீவுக்குப் போன அண்டைக்கு ரணில் விக்கிரமசிங்க ஆக்டிங் பிரெசிடென்ட் ஆனார். ஆக்டிங் எண்டா நடிப்பு எண்டு நினைச்சு சின்னப் பிள்ளையள் கேக்கும், அது அந்தக் கதிரையிண்ட வேலையைச் செய்யிற ஆள், தமிழ்ல பதில் ஜனாதிபதி. ஜூலை 20 பாராளுமன்றம் 134 வாக்கோட அவரைத் தெரிவு செய்த பிறகு ஆக்டிங் எண்ட சொல் போயிட்டுது. கேர்டேக்கர் எண்டா அடுத்த அரசாங்கம் வாறவரைக்கும் கதவைச் சாத்தாம பாத்துக்கொள்ளுற அரசு, எங்கட பேப்பர்காரர் காபந்து அரசு எண்டு எழுதுறது. இன்டரிம் எண்டா இடைக்காலம், ஒரு முறை உடைஞ்சு மற்ற முறை வராத இடைவெளியில நிக்கிறது. 2024 ஓகஸ்ட் 5 பங்களாதேஷ் பிரதமர் சேக் ஹசீனா இந்தியாவுக்குப் போன பிறகு முகம்மது யூனுசிண்ட அரசுக்கு இன்டரிம் எண்டுதான் போட்டாங்க, 2025 செப்டெம்பர்ல நேபாளத்தில பிரதமர் கே. பி. ஒலி போய் சுசிலா கார்க்கி வந்ததும் அதேதான். மூண்டு நாட்டுச் செய்தியை ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு வச்சு வாசிச்சா சொல் தானா இருந்திரும்.

2018 ஒக்டோபர் 26 எங்கட நாட்டில பிரதமரை மாத்தின கதைதான் என்னைப் பொறுத்தவரைக்கும் பாராளுமன்ற இங்கிலிஷுக்கு முழுப் பாடப்புத்தகம். மைத்திரிபால சிறிசேன ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார், அடுத்த நாள் பாராளுமன்றத்தை ப்ரொரோக் பண்ணினார், நவம்பர் 9 டிசோல்வ் பண்ணினார். ப்ரொரோக் எண்டா கூட்டத்தொடரை நிப்பாட்டி வைக்கிறது, எம்பிமார் எம்பிமாராவே இருப்பாங்க, பிறகு கூடலாம். டிசோல்வ் எண்டா கரைக்கிறது, சீனி தண்ணியில கரையிற மாதிரி, எம்பி பதவியே இல்லை, தேர்தல்தான் வழி. எழுத்தைப் பாத்து ப்ரொரோகு எண்டு வாசிக்க வேண்டாம், கடைசியில வாற ஜி, யு, இ மூண்டும் சேர்ந்து ஒரு க் சத்தம்தான். டிசம்பர் 13 உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் எண்டு தீர்ப்புச் சொன்னது, அந்த வழக்கிண்ட பேரிலயே எங்கட ஊர் இருக்கு, முதல் மனுதாரர் அப்ப எதிர்க்கட்சித் தலைவரா இருந்த திருகோணமலை எம்பி இரா. சம்பந்தன். தீர்ப்பு முழுக்க இங்கிலிஷ்ல கிடக்கு, ஏ எல் பிள்ளையள் முதல் ரெண்டு பக்கத்தையாவது வாசிச்சுப் பாக்க வேணும், பெட்டிஷனர், ரெஸ்பொன்டன்ட், அன்கொன்ஸ்டிடியூஷனல் எல்லாம் அங்க உயிரோட நிக்கும். அந்த நாளையில கூ எண்ட சொல்லும் வந்தது, கொன்ஸ்டிடியூஷனல் கூ. எழுதேக்க கடைசியில பி இருக்கும், வாசிக்கேக்க வராது, பிரெஞ்சுச் சொல், அடி எண்டு கருத்து.

இம்பீச் எண்ட சொல்லை கனபேர் பிழையாத்தான் விளங்கி வச்சிருக்கிறாங்க, தமிழ்ச் செய்தியிலயும் அந்தப் பிழை வரும். இம்பீச் பண்ணினா பதவி போச்சு எண்டில்லை, அது பதவியில இருக்கிற ஆள் மேல குற்றம் சாட்டுறது. அமெரிக்காவில டிரம்ப் 2019இலயும் 2021இலயும் ரெண்டு தரம் இம்பீச் ஆனவர், ரெண்டு தரமும் செனட் விடுவிச்சது. தென்கொரியாவில யூன் சுக் யோல் 2024 டிசம்பர் 3 ராணுவச் சட்டம் அறிவிச்சு, 14ஆம் திகதி பாராளுமன்றம் இம்பீச் பண்ணினது, ஆனா பதவி போனது 2025 ஏப்ரல் 4 அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்ன பிறகுதான், அதுக்கு வேற சொல், ரிமூவ். இலங்கையில குற்றப்பிரேரணை எண்டு சரியா ஒரு சொல் இருக்கு, 2012 நவம்பர்ல பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரா வந்தது அதுதான், 2013 ஜனவரியில பாராளுமன்றம் பிரேரணையை நிறைவேத்தினது ஒரு படி, ஜனாதிபதி அவரைப் பதவியால நீக்கினது மற்றப் படி.

தலைப்புக்கு எண்டு ஒரு தனி இலக்கணம் இருக்கு, அதை ஆரும் சொல்லிக் குடுக்காட்டி பிள்ளை வகுப்பில படிச்சதெல்லாம் பிழையோ எண்டு நினைச்சிரும். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில எழுதுவாங்க, பிரெசிடென்ட் ஃபிளீஸ் எண்டா இப்ப ஓடுறார் எண்டில்லை, ஓடிட்டார். நாளைக்கு நடக்கப்போறதுக்கு வில் போடாம டு போடுவாங்க, பிரெசிடென்ட் டு ஸ்டெப் டவுன். எமெர்ஜென்சி டிக்ளேர்ட் எண்டு இருந்தா நடுவில வாஸ் காணாமப் போயிருக்கு. மற்றது கட்டைச் சொல்லுகள், ரிசைனுக்கு குவிட், இன்வெஸ்டிகேஷனுக்கு ப்ரோப், ஆட்சியில இருந்து தூக்கி எறியுறதுக்கு அவுஸ்ட். அவுஸ்ட் ஆன ஆள் தானா போகேல்லை, தள்ளப்பட்டவர், ஸ்டெப் டவுன் ஆன ஆள் தானா படியால இறங்கினவர், ரெண்டையும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில போடுவாங்க.

எனக்கு நல்லாப் பிடிச்ச சொல் எண்டா அமிட். மத்தியில எண்டு கருத்து, சின்னச் சொல்தான். ஆனா அது செய்யிற வேலை பெரிசு. ரெண்டு விசயத்தைப் பக்கத்தில வச்சிட்டு, ஒண்டால மற்றது நடந்தது எண்டு சொல்லாமலே உங்களை அப்பிடி நினைக்க வைக்கும். போராட்டத்துக்கு மத்தியில அமைச்சர் பதவி விலகினார் எண்டா போராட்டத்தாலயா விலகினார்? எழுதினவர் அப்பிடிச் சொல்லேல்லை. அலெஜ்ட், ரிபோர்ட்டட்லி எல்லாம் இதே சாதி, பொறுப்பை ஒரு கை தள்ளி வைக்கிற சொல்லுகள், நல்ல பத்திரிகையாளருக்கு அது தேவை, சோம்பேறிக்கும் ஒளிக்க விரும்புறவருக்கும் அது வசதி. பிள்ளையளிட்ட நான் கேக்கிறது, இந்த வசனத்தில அமிட்டை எடுத்திட்டு பிகோஸ் போட்டா பேப்பர்காரர் கையெழுத்து வைப்பாரா?

செயப்பாட்டு வினையை நான் இலக்கணப் புத்தகத்தால படிப்பிக்கிறதில்லை. இந்த ஊரில அதைப் படிப்பிக்க வேற வழி இருக்கு, கஸ்டமான வழிதான். 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் காந்தி சிலைக்குக் கிட்ட கடற்கரையில இருந்த அஞ்சு மாணவர்கள் கொல்லப்பட்டாங்க. முதல் வந்த அதிகாரப்பூர்வக் கதை அவங்க வச்சிருந்த கிரனேட் வெடிச்சுச் செத்தது எண்டு. உடல்களிண்ட படங்களில இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயம். அந்தப் படங்களை எடுத்த பத்திரிகையாளர் சுகிர்தராஜனை அதே மாதம் 24ஆம் திகதி இதே ஊரில சுட்டுக் கொன்றுபோட்டாங்க. இப்ப வசனத்துக்கு வருவம். அஞ்சு பேர் வெடிப்பில செத்தாங்க எண்டு எழுதினா வினைச்சொல் டைட், கொன்ற ஆளே இல்லை. அஞ்சு பேர் சுட்டுக் கொல்லப்பட்டாங்க எண்டா வேர் ஷொட் டெட், சுட்டது எண்டு வந்திட்டுது, ஆனா சுட்டவர் இன்னும் இல்லை. இன்னார் அஞ்சு பேரைச் சுட்டாங்க எண்டாத்தான் எழுவாய் முழுசா வரும். முதல் வசனத்தில இருந்து ரெண்டாவது வசனத்துக்கு வர ஒரு மனிசன் உயிரைக் குடுத்திருக்கிறார். மூண்டாவது வசனத்துக்கு நாங்கள் இன்னும் வரேல்லை, 2019இல சந்தேக நபர்கள் 13 பேரையும் போதிய சாட்சியம் இல்லை எண்டு விடுவிச்சாச்சு. இதைச் சொன்ன நாளில வகுப்பில சத்தமே இல்லை, ஆனா அதுக்குப் பிறகு என்னட்டப் படிச்ச ஒரு பிள்ளையும் பாஸிவ் வொய்ஸ்ல பிழை விட்டதில்லை.

ஒரு கூட்டத்துக்கு என்ன பேர் வைக்கிறது எண்டதும் இப்பிடித்தான். புரொட்டெஸ்டர்ஸ், கிரவுட், மொப், ரயட்டர்ஸ். 2022 ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள்ள போன சனத்துக்கு இந்த நாலும் வந்தது, வினைச்சொல் மட்டும் கனக்க இடத்தில ஸ்டோம்ட், புயல் மாதிரி உள்ள புகுந்தாங்க. அதே நேரம் எங்கட பக்கத்துச் சொல்லுகளும் அங்க போய் ஏறினது. அரகலய, போராட்டம் எண்டு கருத்து, அந்தச் சிங்களச் சொல் உலகப் பேப்பரில அப்பிடியே வந்தது, ஹர்த்தால் 1953 ஓகஸ்டில இருந்தே இலங்கை இங்கிலிஷ்ல கிடக்கு. இன்னொரு சொல்லும் இருக்கு, சொல்லாம விடேலாது. உலகம் ஒதுக்கி வச்ச நாட்டுக்கு பரையா ஸ்டேட் எண்டு எழுதுறாங்க, அந்தப் பரையா தமிழ்ல இருந்து போனது, பறையர் எண்ட ஒரு சனத்திண்ட பேர், பறை அடிச்ச ஆக்களிண்ட பேர், அதை ஒதுக்கப்பட்டது எண்டதுக்கு அடையாளமா இங்கிலிஷ் எடுத்து வச்சிருக்கு. வாசிச்சா விளங்க வேணும், எண்டாலும் நீங்கள் எழுதாதீங்க எண்டு நான் பிள்ளையளுக்குச் சொல்லுறனான், ஒதுக்கப்பட்ட நாடு எண்டதுக்கு ஐசொலேட்டட் எண்ட சொல் தாராளமாக் காணும்.

வேலை செய்யிற முறை பெரிய வித்தை ஒண்டும் இல்லை. முதல் தமிழ்ல செய்தியை வாசிக்க வேணும், வீரகேசரியோ தினக்குரலோ எதுவெண்டாலும். பிறகு அதே செய்தியை ஒரு கொழும்பு இங்கிலிஷ் பேப்பர்லயும் ஒரு வெளிநாட்டுச் செய்தியிலயும் பாக்க வேணும். தெரியாத சொல் எல்லாத்தையும் எழுதப் போகக்கூடாது, களைச்சுப் போவீங்க, வினைச்சொல்லை மட்டும் எடுங்க, அதுக்கு முன்னால ஆர் நிக்கிறது பின்னால என்ன நிக்கிறது எண்டு முழு வசனத்தோட எழுதுங்க. கொஞ்ச நாள் கழிச்சு அதே கதை வேற நாட்டில வரும், அப்ப கொப்பியைத் திறந்து பாத்தாக் காணும்.

போன மாதம் நான் ஒரு வேலை குடுத்தன். ஜூலை 13 விடிய கோட்டாபய அன்டனோவ் 32 விமானத்தில மாலைதீவுக்குப் போனதை ஒரு வசனத்தில எழுதுங்க எண்டு. ஒரு பெடியன் ஃபிளெட் எண்டு எழுதினான். பக்கத்தில இருந்த பிள்ளை ஃப்ளூ எண்டு எழுதினது, பறந்து போனார். எழுத்துப் பிழை எண்டு நினைச்சு பெடியன் திருத்தப் போனான். அவள் விடேல்லை, விமானப்படை அரசியலமைப்புப்படிதான் விமானம் குடுத்தது எண்டு அறிக்கை விட்டது, அவங்கட கணக்கில அவர் பறந்தார், எங்கட கணக்கில ஓடினார் எண்டாள். கடைசியில ரெண்டு வசனத்தையும் கரும்பலகையில ஒண்டுக்குக் கீழ ஒண்டு எழுதினம், முதல் வசனத்துக்குப் பக்கத்தில வரிசையில நிண்ட சனம் எண்டும், ரெண்டாவதுக்குப் பக்கத்தில விமானப்படை எண்டும் எழுதி வச்சதும் அந்தப் பிள்ளைதான்.